பண்டிகைகளின் வழியே ஆங்கிலம் பயில்வது எப்படி?

ஆங்கிலம் கற்க விரும்புகிறவர்களுக்குச் சொற்பட்டியல்களுக்கும் இலக்கணப் பயிற்சிகளுக்கும் பஞ்சமில்லை. இருந்தும், மனப்பாடம் செய்த சொல் வேண்டிய நேரத்தில் வாயில் வருவதில்லை என்பதே பலருடைய மனக்குறை. அந்தச் சொல்லை யார், யாரிடம், எப்போது, எந்தத் தொனியில் சொல்வார்கள் என்பதை அறியாமல் கற்றதுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம். ஆங்கிலம் பேசும் நாடுகளின் பண்டிகைகள் இந்தக் குறையைத் தீர்க்க வல்லவை. ஒரு பண்டிகை நெருங்கும்போது கடை விளம்பரம், வானொலி, சமையல் குறிப்பு, அலுவலக மின்னஞ்சல், அண்டை வீட்டாரின் பேச்சு என எல்லா இடங்களிலும் ஒரே சொற்கள் சில வாரங்களுக்குத் திரும்பத் திரும்பப் புழங்குகின்றன. ஒவ்வொரு சொல்லோடும் ஒரு பொருளோ, ஒரு செயலோ, ஒரு மனநிலையோ ஒட்டிக்கொண்டே வருகிறது. அடுத்த ஆண்டு அதே வாரங்களில் அதே சொற்கள் மீண்டும் வந்து, மறந்தவற்றை நினைவூட்டிவிட்டுப் போகின்றன. தனியாகப் படிக்கிற ஒருவர் இப்படியொரு மறுபயிற்சியைத் தாமாக ஏற்பாடு செய்துகொள்வது எளிதல்ல.

இம்முறையில் பயில நினைப்பவர்கள் முதலில் விட்டொழிக்க வேண்டியது, ஆண்டின் எல்லாப் பண்டிகைகளையும் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் இருபது சொற்கள் என்று எழுதிவைக்கும் ஆசையை. அப்படி எழுதியது ஏட்டோடு நின்றுவிடும். ஆண்டுக்கு நான்கு அல்லது ஐந்து பண்டிகைகளைத் தேர்ந்துகொண்டு, ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு வாரங்கள் ஒதுக்கி, பண்டிகைக்கு முன் நடப்பவை, அன்று நடப்பவை, பின் நடப்பவை ஆகிய மூன்றையும் முறையாகப் பின்தொடர்ந்தால் போதும். எந்த நாட்டு ஆங்கிலத்தோடு உங்களுக்குத் தொடர்பு அதிகம் என்பதைப் பொறுத்துத் தேர்வு அமையட்டும். அமெரிக்க நிறுவனத்தோடு வேலை செய்கிறவருக்கு நன்றி தெரிவிக்கும் நாளான தேங்க்ஸ்கிவிங் கட்டாயம் தேவை. பிரிட்டனில் படிக்கப் போகிறவருக்கு நவம்பர் 5-ஆம் தேதியின் பான்ஃபயர் நைட்டும் கிறிஸ்துமஸும் பயன்படும். ஆஸ்திரேலியாவை நோக்கியிருப்பவர் ஏப்ரல் 25-இல் வரும் ஆன்சாக் தினத்தை அறியாமல் அந்நாட்டு மக்களின் பேச்சைப் புரிந்துகொள்ள முடியாது. ஒரே பெயருள்ள பண்டிகைகூட நாட்டுக்கு நாடு மாறும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் நவம்பர் மாத நான்காம் வியாழக்கிழமை வரும் தேங்க்ஸ்கிவிங், கனடாவில் அக்டோபர் மாத இரண்டாம் திங்கட்கிழமையே வந்துவிடுகிறது. அன்னையர் தினம் அமெரிக்காவில் மே மாத இரண்டாம் ஞாயிறு. பிரிட்டனில் அது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு. ஆஸ்திரேலியாவில் கிறிஸ்துமஸ் கோடைக்காலத்தில் வருவதால், பனி, கணப்பு, கம்பளி என்று நாம் அப்பண்டிகையோடு சேர்த்துப் படிக்கும் சொற்களில் பாதி அங்கே வாழ்த்து அட்டையோடு முடிந்துவிடும்.

ஒரு பண்டிகையை முழுமையாகப் பின்தொடர்வது எப்படி என்பதைத் தேங்க்ஸ்கிவிங்கைக் கொண்டு விரிவாகப் பார்ப்போம். பேச்சு மொழியைக் கற்க இதைவிடப் பொருத்தமான பண்டிகை வேறில்லை என்பது என் கருத்து. ஏனெனில் இதன் மையமே குடும்பத்தாரும் நண்பர்களும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து உண்பதும் பேசுவதும்தான்.

நவம்பர் மாதத்தின் முதல் வாரத்தை வாசிப்புக்கு ஒதுக்குங்கள். 1621-இல் அமெரிக்காவின் பிளிமத் குடியேற்றத்தில் ஆங்கிலேயக் குடியேறிகளும் வாம்பனோவாக் பழங்குடியினரும் சேர்ந்து உண்ட அறுவடை விருந்து, உள்நாட்டுப் போருக்கு நடுவே 1863-இல் ஆபிரகாம் லிங்கன் வெளியிட்ட தேசிய அறிவிப்பு, நான்காம் வியாழக்கிழமை என்று 1941-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஆகிய மூன்றையும் எளிய ஆங்கிலத்தில், சிறுவர்களுக்காக எழுதப்பட்ட பக்கங்களிலேயே படித்துக்கொள்ளலாம். வரலாற்றைப் படிக்கும்போது இறந்தகால வினைகளை மட்டும் அடிக்கோடிட்டு, மறுநாள் பக்கத்தைப் பார்க்காமல் ஐந்தாறு வாக்கியங்களில் அதே கதையை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இந்த வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. 1970 முதல் அமெரிக்கப் பூர்வகுடியினர் அதே நாளில் பிளிமத்தில் கூடி, அதைத் தேசியத் துக்க நாளாகக் கடைப்பிடித்து வருகிறார்கள். இவ்விரு தரப்பும் ஒரே நிகழ்ச்சியை எந்தச் சொற்களால் விவரிக்கின்றன என்று ஒப்பிட்டுப் படிப்பது, சற்றே முன்னேறிய மாணவருக்கு மிக நல்ல பயிற்சி.

இரண்டாம் வாரம் சமையல் குறிப்புகளுக்கு உரியது. ஆங்கிலச் சமையல் குறிப்பு முழுவதும் ஏவல் வாக்கியங்களால் ஆனது. ஒவ்வொரு வாக்கியமும் ஒரு வினைச்சொல்லில் தொடங்கும். 'பீல்', 'சாப்', 'மேஷ்', 'ஸ்டிர்', 'சிம்மர்', 'ரோஸ்ட்', 'பேஸ்ட்' (வேகும் இறைச்சிமேல் அதன் சாற்றை ஊற்றுவது) போன்ற வினைகளை அகராதியில் பார்ப்பதைவிட, உருளைக்கிழங்கு மசியலோ, பூசணிக்காய் 'பை' என்னும் இனிப்புப் பண்டமோ செய்து காட்டும் ஒரு காணொளியை ஒலியில்லாமல் ஓடவிட்டு, திரையில் கை செய்வதையெல்லாம் நீங்கள் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போவது நூறு மடங்கு பயன்தரும். பிறகு ஒலியோடு பார்த்து, சமைப்பவர் சொன்னதோடு உங்கள் வாக்கியங்களை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 'கார்வ்' என்ற வினையை இங்கே சந்திக்கும்போது, சில வாரங்களுக்கு முன், அக்டோபர் 31-இல் வந்த ஹாலோவீனில் பூசணிக்காயைக் குடைந்து முகம் செதுக்கவும் அதே வினைதான் பயன்பட்டது என்பது நினைவுக்கு வரும். இப்போது அது வான்கோழியை மேசையில் துண்டு போடுவதைக் குறிக்கிறது. ஒரு சொல் இப்படி இரு பண்டிகைகளில் இரு வேலைகளைச் செய்வதைக் கண்டவருக்கு அது பிறகு மறப்பதில்லை.

மூன்றாம் வாரம் அழைப்பும் ஏற்பும். 'வாட் ஆர் யூ டூயிங் ஃபார் தேங்க்ஸ்கிவிங்?' என்பது அம்மாதம் முழுவதும் அலுவலகங்களில் கேட்கும் கேள்வி. நடந்துகொண்டிருக்கும் செயலைச் சொல்லும் வினைவடிவத்தை எதிர்காலத் திட்டத்துக்குப் பயன்படுத்துவதை இதைவிட இயல்பாகக் கற்க முடியாது. விடையும் அதே வடிவில் வரும்: 'வி ஆர் ஹேவிங் மை பேரண்ட்ஸ் ஓவர்', 'வி ஆர் டிரைவிங் டு மை சிஸ்டர்ஸ்'. உங்களை யாரேனும் விருந்துக்கு அழைத்தால் முதலில் நன்றி சொல்லிவிட்டு, அடுத்து 'வாட் கேன் ஐ பிரிங்?' என்று கேட்க வேண்டும். 'ஜஸ்ட் பிரிங் யுவர்செல்ஃப்' என்று அவர் சொன்னாலும் சிறிய பரிசு ஒன்றைக் கையோடு கொண்டுபோவதே மரியாதை. மறுக்க நேர்ந்தால் 'நோ' என்று தொடங்காமல், 'ஐ விஷ் ஐ குட், பட்' என்று தொடங்கிக் காரணத்தைச் சுருக்கமாகச் சொல்வது வழக்கம். இந்த நான்கைந்து வாக்கியங்களையும் ஒரு நண்பரோடு அழைப்பவராகவும் அழைக்கப்படுபவராகவும் மாறி மாறிப் பேசிப் பழகுங்கள்.

மேசையில் அமர்ந்தபின் பேசும் ஆங்கிலம் தனி வகை. எட்டாத பாத்திரத்தை எழுந்து எடுப்பதில்லை. 'குட் யூ பாஸ் த கிரேவி, ப்ளீஸ்?' என்று கேட்கிறார்கள். 'ஹெல்ப் யுவர்செல்ஃப்' என்றால் வேண்டியதை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். இரண்டாம் முறை பரிமாறிக்கொள்வதற்கு 'செகண்ட்ஸ்' என்று பெயர். வயிறு நிறைந்தபின் 'ஐ ஆம் ஸ்டஃப்ட்' என்று நெருக்கமானவர்களிடம் சொல்லலாம். புதிதாக அறிமுகமானவர்களிடம் 'நோ, தேங்க் யூ, இட் வாஸ் டெலிஷியஸ், பட் ஐ ஹேவ் ஹேட் ப்ளென்ட்டி' என்பதே பொருந்தும். இறைச்சி உண்ணாதவர்கள் 'ஐ டோன்ட் ஈட் மீட், பட் எவ்ரிதிங் எல்ஸ் லுக்ஸ் வொண்டர்ஃபுல்' என்று சொன்னால் விருந்தளிப்பவர் சங்கடப்பட மாட்டார். நீண்ட விளக்கம் தேவையில்லை. பல வீடுகளில் உண்பதற்கு முன் ஒவ்வொருவராகத் தாம் எதற்கு நன்றியுடையவர் என்று சொல்வார்கள். உங்கள் முறை வரும்போது ஒரு வாக்கியமேனும் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால், இதை முன்கூட்டியே எழுதிப் பாருங்கள். 'தேங்க்ஃபுல் ஃபார்', 'கிரேட்ஃபுல் ஃபார்' என்பவை கிடைத்த நன்மையைச் சுட்டும். 'கிரேட்ஃபுல் டு' என்பது அந்த நன்மையைச் செய்தவரைச் சுட்டும். இந்த முன்னிடைச்சொல் வேறுபாட்டை விதியாகப் படித்தவர் மறந்துபோகலாம், மேசையில் அமர்ந்திருக்கும் தம் ஆசிரியருக்கும் தாய்க்கும் நன்றி சொல்லிப் பழகியவர் மறப்பதில்லை.

பண்டிகை முடிந்த வாரத்தைப் பலரும் வீணாக்கிவிடுகிறார்கள். உண்மையில் அந்த வாரம்தான் இறந்தகாலத்தைப் பேசிப் பழகுவதற்கான வாரம். 'ஹௌ வாஸ் யுவர் தேங்க்ஸ்கிவிங்?' என்று திங்கட்கிழமை காலையில் எல்லோரும் எல்லோரையும் கேட்கிறார்கள். 'குட்' என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்ளாமல், யார் வந்தார்கள், என்ன சமைத்தார்கள், மீந்த உணவை எத்தனை நாள் சாப்பிட்டார்கள் என்று இரண்டு மூன்று வாக்கியங்கள் சேர்த்துச் சொல்லிவிட்டு, 'ஹௌ வாஸ் யுவர்ஸ்?' என்று திருப்பிக் கேட்க வேண்டும். மீந்த உணவுக்கான 'லெஃப்ட்ஓவர்ஸ்' என்ற சொல்லை அந்த வாரத்தில் நீங்கள் சந்திக்காமல் இருக்க முடியாது. செவித்திறனில் நம்பிக்கை வந்துவிட்டவர்கள், வெள்ளை மாளிகையில் அமெரிக்க அதிபர் ஒரு வான்கோழியை விருந்துக்கு வெட்டாமல் விட்டு அதற்கு 'மன்னிப்பு' வழங்கும் சிறு நிகழ்ச்சியைக் கேட்கலாம். 1989-இல் மூத்த ஜார்ஜ் புஷ் காலத்திலிருந்து முறையாக நடந்துவரும் இந்நிகழ்ச்சியில் அதிபர்கள் வேண்டுமென்றே சிலேடையாகப் பேசுவார்கள். எந்த இடத்தில் கூட்டம் சிரிக்கிறதோ அந்த இடத்தை நிறுத்தி, எந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் என்று கண்டுபிடியுங்கள்.

மற்றப் பண்டிகைகளையும் இதே முறையில் அணுகலாம். ஆனால் எல்லாவற்றிலிருந்தும் ஒரேவிதமான பயனை எதிர்பார்க்கக் கூடாது. ஒவ்வொரு பண்டிகையும் ஏதேனும் ஓர் இலக்கணக் கூறைத் தன்னோடு சுமந்து வருகிறது. அதை இனங்கண்டு, அதை மட்டும் நன்றாகப் பெற்றுக்கொள்வதே புத்திசாலித்தனம்.

பிப்ரவரி 2-ஆம் தேதி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பங்க்சடானி என்னும் ஊரில் கிரவுண்ட்ஹாக் என்ற விலங்கு வளையைவிட்டு வெளியே வருவதைக் காணக் கூட்டம் கூடுகிறது. 1887 முதல் நடந்துவரும் இவ்விழாவின் நம்பிக்கை முழுவதும் இரண்டே நிபந்தனை வாக்கியங்களில் அடங்கிவிடும். தன் நிழலை அது கண்டால் குளிர்காலம் இன்னும் ஆறு வாரம் நீடிக்கும். காணாவிட்டால் வசந்தம் சீக்கிரம் வரும். 'இஃப் இட் சீஸ் இட்ஸ் ஷேடோ, தேர் வில் பி சிக்ஸ் மோர் வீக்ஸ் ஆஃப் வின்டர்.' நிபந்தனைப் பகுதியில் எதிர்காலத்தைக் குறிக்கும் 'வில்' வருவதில்லை என்ற விதியை, ஓராயிரம் பயிற்சி வினாக்களைவிட இந்த ஒரு வாக்கியம் உறுதியாக மனத்தில் நிறுத்திவிடும். அந்த வாரத்தில் வானிலையைப் பற்றி இதே சட்டகத்தில் நாளுக்கு ஒரு வாக்கியம் அமைத்துச் சொல்லுங்கள்.

செயப்பாட்டுவினைக்குப் பான்ஃபயர் நைட் ஏற்றது. 1605-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி இரவு, லண்டனில் பிரபுக்கள் அவையின் அடியிலிருந்த நிலவறையில் 36 பீப்பாய் வெடிமருந்தோடு கை ஃபாக்ஸ் என்பவர் பிடிபட்டார். முதலாம் ஜேம்ஸ் மன்னரையும் நாடாளுமன்றத்தையும் தகர்க்கும் சதி முறியடிக்கப்பட்டது. சதிகாரர்கள் விசாரிக்கப்பட்டார்கள், கொல்லப்பட்டார்கள். கதையைச் சொல்லத் தொடங்கினாலே 'வாஸ் காட்', 'வாஸ் டிஸ்கவர்ட்', 'வேர் எக்ஸிக்யூட்டட்' என்று செயப்பாட்டு வடிவங்கள் வரிசையில் வந்து நிற்கும். அதன் நினைவாக ஆண்டுதோறும் நவம்பர் 5 இரவு நெருப்பு மூட்டி வாணவெடி விடுவதைப் பிரிட்டனில் 'லெட் ஆஃப் ஃபயர்வொர்க்ஸ்' என்பார்கள். தம் சுதந்திர தினமான ஜூலை 4-ஆம் தேதி அமெரிக்கர்கள் அதையே 'செட் ஆஃப்' என்பார்கள்.

ஹாலோவீனில் பேச்சு முழுவதும் வேடத்தைச் சுற்றியது: 'வாட் ஆர் யூ கோயிங் ஆஸ்?', 'ஐ ஆம் கோயிங் ஆஸ் எ பைரேட்'. புத்தாண்டில் உறுதிமொழி எடுப்பது 'மேக்', அதைக் கைவிடுவது 'பிரேக்'; 'ஸ்டாப்', 'கிவ் அப்' ஆகியவற்றை அடுத்து வினை 'இங்' வடிவில் வரும், 'ப்ராமிஸ்', 'டிசைட்' ஆகியவற்றை அடுத்து 'டு' வரும். ஏப்ரல் முதல் நாள் பிறர் சொன்னதை எடுத்துச் சொல்லும் அயற்கூற்றுக்கு உகந்தது. 1957-ஆம் ஆண்டு அந்த நாளில் சுவிட்சர்லாந்தில் மரங்களிலிருந்து ஸ்பகெட்டி அறுவடை செய்யப்படுவதாகப் பிபிசி தொலைக்காட்சி நிதானமான குரலில் ஒளிபரப்பிய செய்தித்துணுக்கு சில நிமிடங்களே ஓடுவது, இன்றும் காணக் கிடைப்பது. அதைப் பார்த்துவிட்டு, 'தே செட் தட்', 'தே க்ளெய்ம்ட் தட்' என்று தொடங்கி அதில் சொல்லப்பட்டவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிப் பாருங்கள்.

தமிழ் பேசுகிறவர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கிறிஸ்துமஸில், டிசம்பரில், காலையில் என்று நாம் ஒரே வேற்றுமை உருபால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்திலோ மூன்று முன்னிடைச்சொற்கள் இடத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. பண்டிகைக் காலத்தை மொத்தமாகச் சொன்னால் 'அட் கிறிஸ்துமஸ்', 'அட் ஈஸ்டர்'. குறிப்பிட்ட நாளைச் சொன்னால் 'ஆன் கிறிஸ்துமஸ் டே', அந்நாளின் காலையும் 'ஆன் கிறிஸ்துமஸ் மார்னிங்'. மாதமும் பருவமும் 'இன் டிசம்பர்', 'இன் வின்டர்'. பண்டிகையின் பெயருக்கு முன் 'த' சேர்ப்பதில்லை என்பதையும் கவனியுங்கள்: கிறிஸ்துமஸ், ஹாலோவீன், தேங்க்ஸ்கிவிங் எல்லாம் தனியே நிற்கும். விலக்காக, அமெரிக்கச் சுதந்திர தினத்தைத் தேதியால் குறிக்கும்போது 'த ஃபோர்த் ஆஃப் ஜூலை' என்றும், ஆண்டிறுதிக் காலத்தை 'த ஹாலிடேஸ்' என்றும் சொல்கிறார்கள். 'ஹாலிடே' என்ற சொல்லே கடலுக்கு இப்பக்கம் ஒன்று, அப்பக்கம் ஒன்று. பிரிட்டனில் 'ஆன் ஹாலிடே' என்றால் விடுப்பெடுத்துச் சுற்றுலா போயிருப்பது; அமெரிக்கர் அதை 'வெக்கேஷன்' என்பார். பிரிட்டனின் பொது விடுமுறைக்கு 1871-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்த 'பேங்க் ஹாலிடே' என்ற பெயரே வழக்கு. வங்கிகள் மட்டுமல்லாமல் பெரும்பாலோருக்கும் அது விடுமுறை.

செவிப்பயிற்சிக்கு நான் எவருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பது பிரிட்டிஷ் அரசரின் கிறிஸ்துமஸ் உரையை. 1932-இல் ஐந்தாம் ஜார்ஜ் வானொலியில் தொடங்கிவைத்த இவ்வழக்கம் 1957-இல் எலிசபெத் அரசியால் தொலைக்காட்சிக்கு வந்தது. சார்லஸ் மன்னர் 2022 முதல் தொடர்ந்து நிகழ்த்திவருகிறார். ஏறத்தாழ பத்து நிமிடம், நிதானமான வேகம், தெளிவான உச்சரிப்பு, முழுமையான வாக்கியங்கள், அச்சிட்ட வடிவமும் அரச குடும்பத்தின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும் வசதி என்று ஒரு மாணவர் கேட்கக்கூடிய அனைத்தும் இதில் சேர்ந்திருக்கின்றன. முதல் முறை எழுத்தைப் பார்க்காமல் கேட்டு, மூன்று வாக்கியங்களில் சாரத்தை எழுதுங்கள். இரண்டாம் முறை அச்சுப்படியைக் கையில் வைத்துக்கொண்டு, பேச்சாளர் எங்கே மூச்சுவிடுகிறார், எந்தச் சொல்லை அழுத்துகிறார் என்று பென்சிலால் கோடிட்டுக்கொள்ளுங்கள். பிறகு அரை நிமிடப் பகுதி ஒன்றை மட்டும் எடுத்து, அவர் சொல்லச் சொல்லக் கூடவே சொல்லிப் பழகுங்கள். பத்து நிமிடத்தையும் ஒரே மூச்சில் சொல்ல முயன்றால் ஒரு பகுதியும் சரியாக அமையாது.

உச்சரிப்பில் ஆர்வமுள்ளவர்கள் இன்னொரு படி மேலே போகலாம். எலிசபெத் அரசியின் 1950-களின் உரையையும் 1980-களின் உரையையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஆஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒலியியல் ஆய்வாளர்கள் இந்தக் கிறிஸ்துமஸ் உரைகளிலிருந்த உயிரொலிகளை அளந்து, அரசியின் உச்சரிப்பே காலப்போக்கில் தென் இங்கிலாந்தின் பொதுவழக்கை நோக்கி நகர்ந்திருப்பதை 2000-ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். 'தூய' ஆங்கில உச்சரிப்பு என்று ஒன்று அசையாமல் எங்கோ இருப்பதாக எண்ணித் தயங்கிப் பேசாமலிருப்பவர்களுக்கு இந்தச் செய்தி துணிவு தர வேண்டும்.

வாழ்த்துச் சொல்வதும் கற்க வேண்டிய கலையே. பிரிட்டனில் 'மெரி கிறிஸ்துமஸ்', 'ஹேப்பி கிறிஸ்துமஸ்' இரண்டும் வழங்குகின்றன. அமெரிக்காவில் முதலாவதே பெருவழக்கு. எதிரிலிருப்பவர் எந்தச் சமயத்தவர் என்று தெரியாத அலுவலகச் சூழலில், யூதர்களின் ஹனுக்கா, ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் குவான்ஸா, புத்தாண்டு எல்லாவற்றையும் உள்ளடக்கி 'ஹேப்பி ஹாலிடேஸ்' என்று அமெரிக்கர்கள் சொல்வதுண்டு. 'சீசன்ஸ் கிரீட்டிங்ஸ்' அட்டையில் எழுதுவதற்கு உரியது, யாரும் வாயால் சொல்வதில்லை. வாழ்த்துக்கு விடையாக 'தேங்க் யூ, யூ டூ' என்றால் போதும். நம்மவர்கள் எழுதும் வாழ்த்துகளில் 'விஷ் யூ ஹேப்பி நியூ இயர்' என்று தொடங்குவது மிகுதியாகக் காணப்படுகிறது. அங்கே 'எ' விடுபட்டிருக்கிறது, 'விஷ்' என்ற வினைக்கு எழுவாயும் இல்லை. 'விஷிங் யூ எ ஹேப்பி நியூ இயர்' என்றோ, வெறுமனே 'ஹேப்பி நியூ இயர்' என்றோ எழுதுவதே சரி.

வாழ்த்தே கூறக் கூடாத நாட்களும் உண்டு. பண்டிகை வழியாக மொழி கற்பவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். இயேசு சிலுவையில் அறையப்பட்டதை நினைவுகூரும் பெரிய வெள்ளியன்று 'ஹேப்பி குட் ஃப்ரைடே' என்று செய்தி அனுப்புகிறவர்கள், பெயரிலுள்ள 'குட்' என்ற சொல்லைக் கண்டு ஏமாந்தவர்கள். அமெரிக்காவில் மே மாதக் கடைசித் திங்கட்கிழமை வரும் மெமோரியல் டே, போரில் உயிர்நீத்தவர்களுக்கு உரியது. அன்று 'ஹேப்பி' சேர்த்து வாழ்த்துவது, மகனையோ கணவரையோ இழந்த குடும்பத்தாரைப் புண்படுத்தும். சக ஊழியரிடம் 'ஹேவ் எ குட் லாங் வீக்கெண்ட்' என்று சொல்லி விடைபெறலாம். நவம்பர் 11-இல் வரும் வெட்டரன்ஸ் டே, படையில் பணியாற்றி வாழ்ந்துகொண்டிருப்பவர்களையும் போற்றுவது என்பதால், அன்று முன்னாள் படைவீரரிடம் 'தேங்க் யூ ஃபார் யுவர் சர்வீஸ்' என்கிறார்கள். அதே நாளில் பிரிட்டனில் முதல் உலகப் போர் 1918-இல் ஓய்ந்த காலை பதினொரு மணிக்கு இரண்டு நிமிட மௌனம் காக்கப்படுகிறது. அதற்கு முந்தைய நாட்களில் பலர் காகிதத்தாலான சிவப்புப் பாப்பி மலரைச் சட்டையில் குத்திக்கொள்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் முதல் உலகப் போரின்போது 1915-ஆம் ஆண்டு துருக்கியின் கலிபோலியில் படைகள் தரையிறங்கியதை நினைந்து, ஆன்சாக் தினத்தன்று விடியலுக்கு முன்பே மக்கள் நினைவிடங்களில் கூடுகிறார்கள்.

இந்நாட்களைப் பற்றிய செய்திகளைப் படிக்கும்போது வினைச்சொற்களைக் கூர்ந்து பாருங்கள். 'செலிப்ரேட்' அங்கே அரிதாகவே வரும். 'அப்சர்வ்', 'மார்க்', 'கொமமொரேட்', 'ஹானர்', 'பே ட்ரிப்யூட் டு' என்று வேறு வரிசை வரும். 1865-ஆம் ஆண்டு ஜூன் 19-இல் டெக்சஸின் கால்வஸ்டன் நகரில் அடிமை விடுதலை அறிவிக்கப்பட்டதைக் குறித்து, 2021 முதல் அமெரிக்கக் கூட்டாட்சி விடுமுறையாகியிருக்கும் ஜூன்டீன்த் பற்றிய கட்டுரைகளில் கொண்டாட்டச் சொற்களும் நினைவுகூரும் சொற்களும் அடுத்தடுத்து வருவதைக் காணலாம். எந்த வாக்கியத்தில் எது வருகிறது, ஏன் என்று குறித்துவைத்தால், சொல்லின் தொனியை அறியும் திறன் மெல்லக் கைகூடும்.

கடைசிக் கட்டம், உங்கள் பண்டிகையை உங்கள் ஆங்கிலத்தில் பிறருக்கு விளக்குவது. பிறருடைய பண்டிகைகளிலிருந்து கற்றதெல்லாம் இங்கேதான் உங்கள் சொந்த மொழியாகிறது. உங்கள் வீட்டில் கொண்டாடும் ஏதேனும் ஒரு நாளைத் தேர்ந்துகொண்டு, அதைப் பற்றி எதுவுமே தெரியாத ஒருவர் எதிரில் இருப்பதாக எண்ணி எழுதத் தொடங்குங்கள். எப்போது வருகிறது என்பதற்கு 'இட் ஃபால்ஸ் இன்' அல்லது 'இட் ஃபால்ஸ் ஆன்'; எதற்காக என்பதற்கு 'இட் மார்க்ஸ்'; வழக்கமாக என்ன செய்வோம் என்பதற்கு நிகழ்கால எளிய வினைகளோடு 'யூஷுவலி', 'ஆல்வேஸ்'; சிறுவயதில் இருந்து இப்போது மாறிவிட்டவற்றுக்கு 'யூஸ்ட் டு'. வீட்டில் வழங்கும் பெயர்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. பெயரைச் சொன்ன உடனே அது எவ்வகைப் பொருள், எதனால் ஆனது, எதற்குப் பயன்படுவது என்பதை 'எ கைண்ட் ஆஃப்', 'விச் இஸ் மேட் ஃப்ரம்' ஆகிய தொடர்களால் ஒரே வாக்கியத்தில் சேர்த்துவிட வேண்டும். இல்லையென்றால் கேட்பவர் அந்தப் பெயரிலேயே நின்றுவிடுவார். தொன்மக் கதையிலிருந்து தொடங்காதீர்கள். பெயர்களும் பிறப்புகளும் நிறைந்த நீண்ட கதையை முதல் சந்திப்பில் யாராலும் பின்தொடர முடியாது. அன்று காலை வீட்டில் முதலில் எழுபவர் யார், அவர் செய்யும் முதல் வேலை என்ன என்பதிலிருந்து தொடங்குங்கள்.

எழுதியதை ஒன்றிரண்டு முறை வாசித்துவிட்டு, தாளை மூடி, இரண்டு நிமிடத்துக்கு மிகாமல் பேசிக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பதிவைக் கேட்கும்போது 'த' இருக்க வேண்டிய இடம், 'இன்', 'ஆன்', 'அட்' மயங்கிய இடம், இறந்தகாலமும் நிகழ்காலமும் கலந்த இடம் ஆகிய மூன்றை மட்டும் திருத்துங்கள். மற்றவற்றை அடுத்த முறைக்கு விட்டுவிடலாம். உண்மையான உரையாடலில் இதைச் சொல்ல வாய்ப்பு வரும்போது, இரண்டு நிமிடத்தையும் நீங்களே எடுத்துக்கொள்ளாமல், நான்கைந்து வாக்கியங்கள் சொன்னதும் நிறுத்தி, 'டூ யூ ஹேவ் எனிதிங் லைக் தட்?' என்று கேட்டுவிடுங்கள். எதிரிலிருப்பவர் தம் பாட்டி வீட்டுக் கிறிஸ்துமஸைப் பற்றியோ, தெருவில் ஹாலோவீன் மிட்டாய்க்கு வந்த பிள்ளைகளைப் பற்றியோ சொல்லத் தொடங்குவார். அவர் பயன்படுத்தும் சொற்களில் உங்களுக்குப் புதிதாக இருப்பதை அங்கேயே ஒருமுறை திருப்பிச் சொல்லி, பொருளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.